வெப்சைட் பார்த்தவர்கள்

ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பூமிகா, தன் தையல் வேலைக்காகத் தொடங்கிய வெப்சைட்டை நாளுக்கு நூற்றுக்கணக்கானோர் பார்ப்பதாகக் கணக்கு காட்டியது. ஆர்டர்தான் இன்னும் வரவில்லை.

"நாளைக்கு ஷூ கம்பெனி வேலைய விட்டுர்றேன். இவ்ளோ பேரு பாக்குறாங்க, தைக்கக் குடுக்காமலா பூடுவாங்க?"

கும்மிடிப்பூண்டி செல்போன் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கும் கணவன் தணிகைவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஆனா ஞாயித்துக்கிழம மட்டும் ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல. இன்னாவா இருக்கும்?"

"அன்னிக்கு எங்க கம்பெனி லீவு."

"அதுக்கும் இதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

"ஒவ்வொரு போன்லயும் லிங்க் தொறக்குதான்னு மெஷினே டெஸ்ட் பண்ணும். அதுக்கு எதுனா ஒரு லிங்க் குடுக்கணும். நீ சந்தோஷப்படுவியேன்னு உன்னுத குடுத்தேன்."

"அப்ப மனுசங்க யாருமே பாக்கலியா?"

அவன் தட்டிலேயே கை கழுவினான். பூமிகா எழுந்து போய்த் தன் ஷூ கம்பெனி யூனிஃபார்மை ஊறவைத்தாள்.