குருட்டுப்புள்ளி

புள்ளி மறைந்ததோடு மாசிலாமணி நிறுத்தியிருக்க வேண்டும். இணையத்தில் அவர் திறந்திருந்த அறிவியல் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும், அதற்கு வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளியும் இருந்தன. இடக்கண்ணை மூடி, கூட்டல் குறியையே பார்த்தபடி முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். ஓரிடத்தில் புள்ளி இல்லாமல் போனது. எல்லோர் கண்ணிலும் இப்படி ஓர் ஓட்டை உண்டு, அதைச் சுற்றி இருப்பதைக் கொண்டு மூளையே பூசி மெழுகிவிடும் என்று கீழே எழுதியிருந்தது. எதிரே மனைவி மரகதவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அவள் தலை போய், அங்கே பச்சைச் சுவர் இருந்தது. கழுத்துக்குக் கீழே விரல்கள் மட்டும் கீரை ஆய்ந்தன. “என்னங்க அப்படிப் பார்க்குறீங்க?” என்றது சுவர். பதறிக் கண்ணைத் திறந்தார். முகம் வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் அவளும் இடக்கண்ணை மூடிக்கொண்டு அவருக்குப் பக்கத்திலிருந்த ஜன்னலைப் பார்த்தாள். “ஐயோ, உங்க தலையைக் காணோம்!” என்று சிரித்தாள். “போதும், கண்ணைத் திற” என்றார். இரண்டு கண்ணையும் திறந்து அவரை நேராகப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. “திறந்துட்டேங்க” என்றாள். பிறகு, “இன்னும் வரலியே” என்றாள். தன் முகத்தைத் தொட்டுப் பார்க்க மாசிலாமணிக்குக் கை எழவில்லை.