இடது கண்

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் பனி இன்னும் கலையவில்லை. டெல்சியின் மடியில் நாய்க்குட்டி நிலைகொள்ளாமல் நெளிகிறது. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி இடது கண்ணைத் தேய்க்கிறது. அவள் காலைப் பிடித்தால் அவள் போர்த்தியிருக்கும் கம்பளியில் முகத்தை உரசுகிறது. அந்தக் கண் பாதி மூடிக் கிடக்கிறது. ஓரத்தில் மஞ்சள் பூளை, அதன் கீழே மயிரெல்லாம் நனைந்து ஒட்டியிருக்கிறது. "தேத்தண்ணி வச்சுத் தொடச்சா சரியாயிரும் புள்ள," என்கிறான் அவள் கணவன் ஜூட், வேலைக்குப் போகச் சப்பாத்தை மாட்டிக்கொண்டே. "நேத்தும் அதத்தான் சொன்னீங்க." அவள் பூளையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடிக்கிறாள். கருவிழியின் மேல் நீலம் கலந்த புகை படிந்திருக்கிறது. வலது கண்ணை உள்ளங்கையால் மறைத்து, இடது கண்ணுக்கு முன்னால் ஒரு துளிப் பஞ்சைச் சத்தமில்லாமல் நழுவவிடுகிறாள். குட்டி தலையை அசைக்கவில்லை. இன்னொரு தடவை விடுகிறாள். மூக்கு மட்டும் துடிக்கிறது. கையை மாற்றி இடது கண்ணை மறைத்ததும், விழும் பஞ்சைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு பாய்கிறது. ஜூட்டின் கை சப்பாத்துக் கயிற்றிலேயே நின்றுவிடுகிறது. "தேயிலைக்குள்ள ஓடுனப்ப குச்சி குத்தியிருக்குமோ?" "தெரியலைங்க. நுவரெலியா மிருக வைத்தியர்தான் பாக்கணும். அதுவரைக்கும் எதையும் ஊத்தாதீங்க." கீழே வளைவில் நுவரெலியா பஸ்ஸின் ஹோர்ன் கேட்கிறது. கட்டாத கயிறு காலில் அடிபட, ஜூட் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு சரிவில் ஓடுகிறான். "அண்ணே, நிப்பாட்டுங்க! அவசரம்!" பின்னாலேயே டெல்சி, திமிறும் குட்டியின் முன்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்தபடி இறங்குகிறாள். பஸ் வேகம் குறைகிறது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.