வயது ஆறு கோடி

"பேஷன்ட் பேரு என்னன்னு போடட்டும்?"

"பாம்புன்னு போடுங்க."

"வயசு?"

"ஆறு கோடி. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்."

ஸ்கேன் டெக்னீஷியன் சிரித்துக்கொண்டே தட்டினார். ஆஸ்பத்திரியில் கூட்டம் ஓய்ந்த மதிய இடைவேளைக்கு அனுமதி வாங்கி வந்திருந்தார் பேராசிரியை. மெஷின் படுக்கையில் தலையணை அளவுக்கு ஒரு கல் படுத்திருந்தது. அதன் ஓரத்தில் நாலைந்து முதுகெலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. மீதி உள்ளே.

"மூச்சை அடக்கச் சொல்ல வேண்டாத முதல் பேஷன்ட்," என்றார் டெக்னீஷியன். "உள்ள என்ன பாக்கணும் மேடம்?"

கேட்டதுதான் தாமதம், பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புத்தகத்துல ரெண்டு பாம்பு இருக்கு. முதல்ல கிடைச்ச பாம்போட எலும்புக்கு அடிப்பக்கம் மொழுமொழுன்னு இருக்கும். இப்ப கல்லுக்கு வெளியே தெரியுதே, அது மாதிரி. ரெண்டாவது பாம்போட எலும்புல அடியில ஒரு முள்ளு தொங்கும். சில பாம்புக்கு உடம்பு முழுக்க அந்த முள்ளு உண்டு. அதனால இது வேற இனம்னு தனிப் பேர் வச்சாச்சு."

"சரிதானே?"

"அங்கதான் விஷயம். வேற சில பாம்புக்குக் கழுத்துப் பக்கம் மட்டும்தான் முள்ளு. போகப் போக மறைஞ்சிடும். இந்தக் கல்லுக்குள்ள கழுத்து இருக்கு. அங்க முள்ளு தெரிஞ்சா ரெண்டும் ஒரே பாம்பு. ரெண்டாவது பேரை அடிச்சிட வேண்டியதுதான்."

"அப்ப அதுக்குப் பேர் வச்சவர் கதி?"

"அம்போ. ஒத்தை எலும்பை வச்சுக்கிட்டு ஊரையே கூட்டின ஆளு. பதவி, விருது எல்லாம் அந்தப் பாம்பு போட்ட பிச்சை."

மெஷின் சுழன்றது. திரையில் கல் சாம்பல் நிறமாக விலக, எலும்புகள் வெள்ளையாக வரிசையில் வந்தன. ஒன்றின் முளை அடுத்ததன் குழியில் பூட்டுப் போட்டதுபோல் பொருந்தியிருந்தது.

"பூட்டு எங்கயும் விடல பாருங்க. ஒரே உடம்புதான்." பேராசிரியை திரையோடு ஒட்டிக்கொண்டார். "மொழுமொழு... இதுவும் மொழுமொழு... இந்தா, அடியில லேசா ஒரு மேடு. அடுத்ததுல கொஞ்சம் தூக்கலா. அடுத்தது... முள்ளு. முள்ளேதான்!"

கைதட்டிய வேகத்தில் அவருடைய சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி சுவர்வரை ஓடித் திரும்பியது.

டெக்னீஷியனுக்குச் சுருக்கென்றது. "அடுத்தவங்க பொழப்புல மண்ணு விழுது. அதுல இவ்வளவு சந்தோஷமா மேடம்?"

"ஆறு கோடி வருஷமா கழுத்து வேற, உடம்பு வேறயா கிடந்த பாம்பு இப்பத்தான் ஒண்ணு சேர்ந்திருக்கு. சந்தோஷப்படாம?"

"அது சரி. ஆனா ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி அந்த ஆளுகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. பாவம்."

பேராசிரியை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தனியா எதுக்குச் சொல்லணும்? உங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."