பிறை போட்ட பச்சோந்தி

பர்கத்துல்லாவின் கடையில் எந்தப் பச்சோந்தியும் பச்சையாக இருந்ததில்லை.

வரும்போது பச்சையாகத்தான் வரும். பாங்காக் சரக்கு ஏஜென்ட் ரமேஷ்குமார், தாய் எழுத்து அச்சடித்த அட்டைப்பெட்டியை மாதம் ஒரு தடவை கொண்டுவந்து பிரிப்பான். உள்ளே கொழுகொழுவென்று, வெற்றிலைப் பச்சையில் நாலைந்து இருக்கும்.

"பாங்காக் தண்ணி வாகு அப்படி, பாய். இங்க எவனுக்கு வரும் இந்த வளர்ப்பு?" என்பான். பர்கத்துல்லா பெருமூச்சு விட்டு, தலைகளை எண்ணி, கேட்ட விலையைக் கொடுத்துவிடுவான்.

அதற்கப்புறம்தான் அதுகளுக்குச் சனியன் பிடிக்கும். பபேடான் கடைத்தெருவில் பத்தடி அகலக் கடை. முன்னால் வண்ணமீன், நடுவில் முயல், கடைசியில் கண்ணாடித் தொட்டிக்குள் பச்சோந்திகள். கரண்ட் இருந்தால் தலையை ஒட்டினாற்போல் பல்பு சுடும், போனால் கும்மிருட்டு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தான். பச்சோந்தி கிண்ணத்தில் வாய் வைக்காது, இலையில் நிற்கும் சொட்டைத்தான் நக்கும். அதெல்லாம் விசாரிக்க அவனுக்கு நேரம் ஏது? மீனுக்குப் போடும் தீனியையே இதற்கும் போட்டான். தின்றால் தின்னட்டும்.

வாங்க வருகிறவர்கள் நிறம் மாறுவதைக் காட்டச் சொல்வார்கள். உடனே ஒரு முகக்கண்ணாடியை எடுத்துத் தொட்டிக்கு எதிரே பிடிப்பான். எதிரி வந்துவிட்டான் என்று அந்த ஜீவன் வெலவெலத்து, கோடு கோடாகக் கறுத்துப்போகும்.

"பாத்தீங்களா, என்ன துடிப்பு" என்பான் பர்கத்துல்லா.

துடிப்பெல்லாம் மூன்று வாரம்தான். பிறகு கண் குழிவிழுந்து, கிளையிலிருந்து நழுவ ஆரம்பிக்கும். அங்கேதான் சிக்கல். கடை அவன் மனைவி சுல்தான் பீவியின் பெயரில் இருந்தது.

"இன்னும் ஒண்ணு கடைக்குள்ள மௌத்தாச்சுன்னா, கடையை என் தம்பிக்கு விட்டுடுவேன். அவன் போன் கவர் விப்பான்" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சுல்தான் பீவி சொன்னால் சொன்னதுதான். ஆகவே சாகப்போகிற பச்சோந்தியை, சாவதற்குள் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

அந்தத் தலை வெள்ளிக்கிழமைதோறும் தானாகவே வந்தது.

கனகாம்பாள். தன் ஊரான கியாக்தானிலிருந்து பஸ் பிடித்து, ஜும்மா முடிந்து அவன் கடை திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பாள். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு ஷான் துணிப்பை. இருப்பதிலேயே நோஞ்சானாகப் பார்த்துத்தான் கேட்பாள்.

"இதை வச்சு என்னக்கா பண்ணப் போறீங்க?" என்று முதல் தடவை கேட்டான்.

"எங்க ஊரு புத்தர் பகோடாகிட்ட மரத்துல விட்டுடுவேன் பாய். புண்ணியமாப் போகும்."

பர்கத்துல்லா சிரிப்பைத் தாடிக்குள் அடக்கிக்கொண்டான். பகோடா வாசலில் குருவி விற்கிறவர்களை அவன் பார்க்காததா? புண்ணியத்துக்காகக் காசு கொடுத்துக் குருவியை வாங்கிப் பறக்கவிடுவார்கள். குருவி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விற்றவனிடமே வந்து சேரும். மறுநாள் அதே ஆள் அதே குருவியை மறுபடி வாங்கி விட்டுக் கும்பிடுவான். இப்படியும் ஏமாளிகள் உண்டா என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். இவளும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டினான்.

ஒரு தடவை ஒன்றின் தலைக்கொண்டையைத் தொட்டு, "இதென்ன பாய் தழும்பு?" என்றாள். பல்பு சுட்ட தழும்பு.

"பிறவி அடையாளம்க்கா. பிறை மாதிரி இருக்கு பாருங்க. ராசியான உருப்படி" என்று கூசாமல் சொல்லி, அதற்காக விலையிலும் கொஞ்சம் ஏற்றினான். அவள் பேரம் பேசாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு முழுக்க அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் வந்தாள். தொட்டியில் செவ்வாய்க்கிழமை பெட்டியில் இறங்கிய புதுச்சரக்குதான் இருந்தது. மூன்றே நாளில் எல்லாம் கறுத்துவிட்டிருந்தன. ஓரத்தில் ஒன்று பட்டப்பகலில் கண்ணை மூடிக் கிடந்தது.

கனகாம்பாளின் முகம் வாடிவிட்டது. "இதுக்கும் கண்ணாடி காட்டினீங்களா பாய்?"

"அதைத் தொடாதீங்கக்கா. பாங்காக்லேர்ந்து வந்து மூணு நாள்தான் ஆகுது. ஆளைப் பார்த்தாலே சீறுது."

அவள் கேட்காதவள்போல் தொட்டிக்குள் கையை விட்டாள். அது சீறவில்லை. கண்ணைத் திறந்து, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறியது. முழங்கை, தோள் என்று ஆடி ஆடிப் போய், கழுத்தோரம் பழகின இடத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெற்றிலைப் பச்சைக்கு மாறியது.

பர்கத்துல்லாவின் கடையில் இப்படி நடந்ததே கிடையாது. கனகாம்பாளுக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடி ஏதோ தப்புப் பண்ணிவிட்டவள்போல் அவசரமாக அதைப் பிய்த்தெடுத்துத் தொட்டியில் விடப் போனாள். அது அவள் சட்டையை விடவில்லை.

வந்த சரக்கை எண்ணி மட்டுமே பழகிய பர்கத்துல்லா, முதல் தடவையாக ஒன்றைக் குனிந்து உற்றுப் பார்த்தான். பச்சைக் கொண்டையில் வெள்ளையாக ஒரு பிறை. பகோடா வாசல் குருவி ஒன்று அவன் தலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தது.

"அக்கா" என்றான் மெதுவாக, "இவன் இதுவரைக்கும் எத்தனை தடவை பாங்காக் போயிட்டு வந்திருக்கான்?"