நல்ல காபிக்கு வழி

இத்தாலியின் லெச்சே நகரில் ஒரு காபிக் கடை வாசலில் நின்ற கஸ்பாரேயிடம் வெளியூர்த் தம்பதி விசாரித்தனர்.

"ஐயா, இந்தக் கடையில காலை டிபன் நல்லா இருக்குமா?"

"இங்கயா? காபி கழுநீர், பன்னு கருங்கல்லு. மாதா கோயிலுக்குப் பின்னால ருஜேரோ கடைக்குப் போங்க. நாள் முழுக்க உக்காந்து போட்டோ எடுத்தாலும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

அவர்கள் நகர்ந்ததும், கஸ்பாரே உள்ளே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தன் காபி மெஷினைத் துடைத்தார்.

நின்றபடியே ஒரே மடக்கில் காபியைக் குடித்த தபால்காரர் கேட்டார்: "வந்த கிராக்கியை ஏன்யா விரட்டுறே?"

"ஒத்தைக் காபிக்கு மத்தியானம் வரைக்கும் மேசையில குடித்தனம் பண்ணுவாங்க. ருஜேரோ அனுபவிக்கட்டும்."

பெட்டிகளை உருட்டியபடி ஒரு கூட்டமே உள்ளே நுழைந்தது.

"ருஜேரோன்னு ஒருத்தர் அனுப்பினாரு. இங்க நாள் முழுக்க உக்காரலாமாமே?"