சரியான வீடு

கேட்டைத் திறந்ததும் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு மிக்ஸி ஜாடி பறந்து வந்தது. சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நர்ஸ் தெரிந்துகொண்டாள்.

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, மாதாமாதம் ஊசி போடுவது அவள் வேலை. இந்தத் தெருவுக்கு வழக்கமாக வருபவள் லீவு. பதிலுக்கு வந்த இவளுக்கு விலாசம்தான் தெரியும், ஆளைத் தெரியாது.

கூடத்தில் முரட்டு ஆள் ஒருவன் இரும்புக் கம்பியால் டி.வி.யை நொறுக்கிக்கொண்டிருந்தான். சுவரோரமாக அவன் அம்மா, நெற்றியில் ரத்தம் வழிய ஒண்டியிருந்தாள்.

"பைத்தியத்தோட ஒரே வீட்டுல என்னால குப்பை கொட்ட முடியாது!" என்று கத்தினான் அவன்.

ஊரையே பைத்தியம் என்று சொல்லாத நோயாளியை நர்ஸ் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"அவனைத் திரும்ப அங்க அனுப்பிடாதீங்கம்மா! என் புள்ள ஒரு பாவமும் அறியாதவன்!" அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மண்டை உடைந்தும் மகனை விட்டுக்கொடுக்காதவளைப் பார்த்தபடியே நர்ஸ் பையிலிருந்து ஊசியை எடுத்துத் தயார் செய்தாள்.

கம்பி இப்போது நர்ஸின் தலைக்கு நேரே உயர்ந்தது. உள்ளறையிலிருந்து ஒல்லியான ஒருவன் பாய்ந்து வந்து முரடனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். முரடனின் முழங்கை அவன் மூக்கைப் பெயர்த்தது. அப்படியும் அவன் பிடியை விடவில்லை. இருவரும் தரையில் உருண்டார்கள். நர்ஸும் மேலே விழுந்து அமுக்கினாள்.

"நெஞ்சு மேல முட்டி போடாதீங்க சிஸ்டர், மூச்சு முட்டும். தோளை அமுக்குங்க, காலை நான் பார்த்துக்கறேன்."

பரவாயில்லை, விவரம் தெரிந்த பிள்ளை என்று நினைத்தபடியே நர்ஸ் முரடனின் இடுப்பில் ஊசியை இறக்கினாள்.

"கொன்னுடுவேன்டி!" என்று அவன் துள்ளினான். ஒல்லி ஆள் துணி காயப்போடும் கயிற்றை அறுத்துவந்து அவன் கை கால்களைக் கட்டினான்.

நர்ஸ் மூச்சு வாங்க போனை எடுத்தாள். "டாக்டர், நாம டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பினவரை இனிமே வீட்டுல விட்டுவைக்க முடியாது. பெத்த தாயையே அடிச்சிருக்கார். வேன் அனுப்புங்க, மறுபடி வார்டுலதான் சேர்க்கணும்."

"ஐயோ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒல்லி ஆளின் கையிலிருந்து கயிறு நழுவியது. மூக்கு ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் நர்ஸையே பார்த்தான்.

"அம்மாவை அடிச்சது அண்ணன்தானே சிஸ்டர்... என்னை எதுக்குத் திருப்பி அனுப்புறீங்க?"