எந்த முட்டி?

“எந்த முட்டி சார் வலிக்குது?” என்றார் எலும்பு டாக்டர்.

“வலது” என்றார் கட்டிலில் படுத்திருந்த நூலகர். டாக்டர் அழுத்திப் பார்த்தார். நூலகர் ஒரு நொடி யோசித்துவிட்டு “ஆ” என்றார்.

இடது முட்டியையும் அழுத்தினார் டாக்டர். அதற்கும் அதே “ஆ”தான்.

பக்கத்தில் நின்ற மனைவிக்கு மானம் போயிற்று. ஒரு வாரமாக வீட்டில் ஒரே நொண்டல், முனகல். இத்தனை முட்டி வலியிலும், நீ கூட வந்தால்தான் டாக்டரிடம் போவேன் என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். தான் வேலை பார்க்கும் தையல் கடையில் மூன்று கவுன்கள் பாதியில் கிடக்க, அரை நாள் லீவு போட்டு அழைத்து வந்திருக்கிறாள். எரிச்சல் இருந்தாலும், ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடப் போகிறதே என்று பயமாகவும் இருந்தது.

“உக்காருங்கம்மா” என்று ஸ்டூலை நகர்த்தினார் டாக்டர்.

“பரவால்ல, நின்னுக்கறேன்.”

டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். “கீழ விழுந்தீங்களா? கால் ஏதும் பிசகிச்சா?”

“இல்லையே.”

“படி ஏறும்போது வலியா, இறங்கும்போதா?”

நூலகர் மின்விசிறியைப் பார்த்தார். “ரெண்டுலயும்... எப்பவாவது.”

“இறங்கும்போதுதான் டாக்டர்” என்று முந்திக்கொண்டாள் மனைவி. “ஒவ்வொரு படிக்கும் சுள்ளுனு இழுக்கும். கைப்பிடியப் பிடிக்காம இறங்க முடியாது.”

“ரொம்ப நேரம் உக்காந்து எழுந்தா?”

“நாலு எட்டு வெச்சப்புறம்தான் கால் சொன்ன பேச்சு கேக்கும்.” இதற்கும் அவள்தான் பதில் சொன்னாள்.

“வீக்கம்?”

“முட்டிச் சில்லுக்கு மேல கொழகொழன்னு இருக்கும். சாயங்காலமானா தொட்டுப் பாத்தா சுடும்.”

நூலகரின் முட்டியில் வீக்கம் எதையும் காணோம். இருந்தும் டாக்டர் எழுதிக்கொண்டே போனார்.

“முட்டி போட்டுச் செய்யற வேலை ஏதாவது உண்டா?”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவரா? கீழ விழுந்த பேனாவக்கூட நான்தான் எடுத்துக் குடுக்கணும். காலைலேருந்து கடைத் தரையில முட்டி போட்டு, கவுனுக்கெல்லாம் ஓரம் மடிச்சு ஊசி குத்தறது நானு. நான் ஒரு நாள் படுத்திருப்பேனா, கேளுங்க.”

“அப்படி முட்டி போட்டே இருந்தா சில்லுக்கு மேல நீர் கோத்துக்கிட்டு வீங்கும்மா. கவனிக்காம விட்டா அப்புறம் தரையில முட்டி வைக்கவே முடியாது.”

“நல்லாக் கேட்டுக்கோங்க” என்று கணவனை அதட்டினாள்.

டாக்டர் பேனாவை மூடினார். “நேத்து போன்ல நீங்க சொன்னது சரிதான் சார், நேரா கூப்பிட்டா இவங்க வரமாட்டாங்க. நீங்க இறங்குங்க. அம்மா, நீங்க ஏறிப் படுங்க.”